ஒரே சொல், ஆளுக்கொரு அர்த்தம்: டீமில் பேச்சு குழம்பாமல் இருக்க என்ன செய்யலாம்

சில வருடங்களுக்கு முன்னால் ரீஃபேக்டரிங் செய்ய இரண்டு வாரம் கேட்டேன், கிடைத்தது. அந்த இரண்டு வாரத்தில் பில் போடும் மாட்யூலையே புதிதாக எழுதினேன், கையோடு தள்ளுபடிக் கணக்கையும் மாற்றினேன். ரிலீஸ் ஆன மறுநாள் பழைய வாடிக்கையாளர்கள் பலருக்குத் தப்பான தொகை போனது. அதற்கப்புறம் அந்த டீமில் யார் ரீஃபேக்டரிங் என்று கேட்டாலும் நேரம் கிடைக்கவில்லை. வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளமைப்பை மட்டும் சின்னச் சின்னப் படிகளாக மாற்றுவதற்குத்தான் அந்தப் பெயர், மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 1999-இல் புத்தகமாகவே எழுதி விளக்கியிருக்கிறார். நான் செய்த வேலைக்குப் பெயர் திருப்பி எழுதுவது. இரண்டுக்கும் உள்ள ஆபத்து வேறு, கேட்க வேண்டிய நேரமும் வேறு.

அதனால் இப்போது மீட்டிங்கில் இப்படி ஒரு சொல் வந்தால், முதலில் அந்தச் சொல் இல்லாமல் அதே விஷயத்தைச் சொல்லச் சொல்கிறேன். எந்த ஃபைல் மாறும், பயனருக்கு என்ன மாறும், எப்போது முடியும்? நாலு பேர் நாலு பதில் சொன்னால் பிரச்சினை எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, சொல் பிறந்த இடத்தைத் தேடிப் போங்கள். யார், எந்தச் சிக்கலுக்காகச் சொன்னார் என்று பாருங்கள். டெக்னிக்கல் டெட், அதாவது தொழில்நுட்பக் கடன் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில், வைகேஷ் என்ற முதலீட்டு மேலாண்மை மென்பொருளைக் கட்டிய அனுபவத்தைச் சொல்லும்போது கடனை உவமையாக எடுத்தார். நிதித் துறை மென்பொருள் என்பதால் கடன், வட்டி என்றால் எல்லோருக்கும் உடனே புரியும். அவர் சொன்னது இதுதான்: இன்று நமக்குப் புரிந்த அளவை வைத்து எழுதி வெளியிடலாம், ஆனால் பயன்பாட்டில் புதிதாகப் புரிந்துகொண்டதைக் கோடுக்குள் (நிரலுக்குள்) திரும்பக் கொண்டுவராவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருப்போம். கோடை மோசமாக எழுதிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதைத் தான் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று 2009-இல் ஒரு வீடியோவில் தெளிவாகவே சொன்னார். இன்று அவசரத்தில் அள்ளித் தெளித்த கோடு, எழுதாத டெஸ்ட், பழைய லைப்ரரி எல்லாம் இந்த ஒரே பெயரில் ஒரே பட்டியலில் கிடக்கின்றன. இது வெறும் சொல் தகராறு இல்லை. கடனை அடைக்க வேண்டுமானால் கோடு மாற்றத்துக்கு இடம் கொடுக்கும்படி சுத்தமாக இருந்தாக வேண்டும், அலங்கோலமான கோடில் அடைப்பதற்கு வழியே இருக்காது. பட்டியலைப் பிரியுங்கள்: புரிதல் மாறியதால் மாற்ற வேண்டியவை ஒரு பக்கம், சரியாகச் செய்யாமல் விட்டவை இன்னொரு பக்கம். எங்கள் டீமில் பிரித்தபோது முதல் பக்கத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் இருந்தது.

அப்புறம் ஒன்றைக் கவனியுங்கள், சொல் பரவும்போது அதில் கஷ்டமான பகுதிதான் பெரும்பாலும் முதலில் உதிரும். கண்டினியுவஸ் இன்டகிரேஷன் (சிஐ) என்றால் டீமில் எல்லோரும் தினம் ஒரு முறையாவது தங்கள் வேலையை மெயினில், அதாவது டீமுக்குப் பொதுவான முதன்மைக் கோடில், சேர்ப்பது. இப்போது கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் ஓட்டும் ஒரு ஜென்கின்ஸ் சர்வர் ஓடினாலே சிஐ இருக்கிறது என்கிறோம், ஒருவர் தனியாக வேலை செய்யும் பிராஞ்ச் மூன்று வாரமாக மெயினில் சேராமல் நின்றாலும்.

எல்லாச் சொல்லுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். ராய் ஃபீல்டிங் 2000-இல் தன் ஆய்வேட்டில் விவரித்த ரெஸ்ட் என்ற இணைய மென்பொருள் கட்டமைப்பு முறைக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் (பதிலுக்குள்ளேயே அடுத்த படிக்கான இணைப்புகள் இருப்பது) கட்டாயம், 2008-இல் அவரே அதை அழுத்திச் சொன்னார், ஆனாலும் எச்டிடிபி என்ற இணைய நெறிமுறை வழியாக ஜேசன் வடிவில் தரவு அனுப்புவதைத்தான் இன்று ரெஸ்ட் என்கிறார்கள். அது போகட்டும், யாரும் அதனால் ஏமாறுவதில்லை. சிஐயையும் ரீஃபேக்டரிங்கையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அந்தப் பழக்கங்களுக்கு வேறு நல்ல பெயர் கிடையாது, பெயர் போனால் பழக்கமும் போய்விடுகிறது.

காக்க வேண்டிய சொற்களைக் கோடோடு இருக்கும் ரீட்மீ என்ற விளக்க ஃபைலில் எழுதி வையுங்கள், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வியாக. எங்களுடையதில் இப்படி இருக்கிறது: “ரீஃபேக்டரிங்: இருக்கும் டெஸ்ட் ஒன்றையும் தொடாமல் எல்லாம் பாஸ் ஆகிறதா? சிஐ: நேற்று எழுதியது இன்று மெயினில் இருக்கிறதா?” புதிதாகச் சேர்ந்தவர் சொல்லைத் தப்பாகச் சொன்னால் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள், இந்த இரண்டு வரியைத் தனியாக அனுப்பினால் போதும்.