தென்னை சாய்ந்த தோப்பிலிருந்து ஒரு குறிப்பு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. நெட்டை ரகக் கன்று காய்க்க 6, 7 ஆண்டுகள் ஆகும் என்பதால், கன்றுகளுக்கு இடையே உளுந்தோ கடலையோ வாழையோ ஊடுபயிராக இட்டுத்தான் அந்தக் காத்திருப்புக் காலத்தைக் கடக்க வேண்டும்.

வேலையையோ தொழிலையோ இழந்து நிற்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு நோட்டின் இடப்பக்கத்தில், பலன் தர ஆண்டுகள் பிடிக்கும் ஒரே ஒரு முயற்சியையும், வலப்பக்கத்தில், மூன்று மாதத்திற்குள் கைக்குக் காசு வரக்கூடிய சிறு வேலைகளையும் எழுதி வைத்து, ஞாயிறுதோறும் வலப்பக்கத்தை மட்டும் திருத்துங்கள். மனம் சோர்ந்திருக்கும் நாளில் (அழுகை வந்தால் அதுவும் இயல்பே) இடப்பக்கத்தில் எழுதியதை அடித்துவிடாதீர்கள்.