பிளக்கைச் செருகுவதற்கு முன்: சென்னையில் வால்வு ரேடியோ சேகரிப்போருக்கு

பழைய வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களால் ஓடும் ரேடியோவை, விற்பவர் வாங்க வந்தவரை நம்ப வைப்பதற்காக முதலில் செய்யும் காரியம், வயரைப் பிளக்கில் செருகி, "பாருங்க சார், ஓடுது" என்று காட்டுவதுதான். முப்பது ஆண்டுகள் பரணில் கிடந்த செட்டுக்கு அதைவிடப் பெரிய தீங்கை யாரும் செய்ய முடியாது. நான் முதலில் வாங்கிய ஐந்து வால்வு செட்டை ஒரு காயலான் கடையில் அப்படித்தான் போட்டுக் காட்டினார்கள். டயல் விளக்கு எரிந்தது, ஸ்பீக்கர் உறுமியது, நான் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மீண்டும் போட்ட சில நிமிடங்களில் மெழுகு உருகும் வாடை எழுந்து, பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. செட்டின் விலையைவிட அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பச் சுற்றுவதற்கு அதிகம் செலவானது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி, செட்டை ஓடவிடாமல் வாங்குங்கள் என்பதே. ஓடாத செட்டு என்றால் விலையும் குறையும்.

வாங்கும் இடத்தைவிட வாங்கும் பொருளை அடையாளம் காண்பது முக்கியம். சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கிப் பணமில்லாமல் 1927-இல் நிறுத்தியது. 1930-இல் மாநகராட்சி அதை எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. இந்த வரலாற்றைக் கேள்விப்பட்ட வியாபாரிகள் எல்லாச் செட்டையும் "வெள்ளைக்காரன் காலத்துச் செட்டு" என்றே விற்கிறார்கள். பின்பக்க அட்டையைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய கண்ணாடி வால்வுகள், அதாவது இசிஎச் 81, இஎல் 84 போன்றவை இருந்தால், அந்தச் செட்டு 1950களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. அது குறையன்று. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜிஇசி, எச்எம்வி என நம் வீடுகளின் கூடத்தில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தவை பெரும்பாலும் அந்தக் காலத்தவைதான். ஆனால் ஐம்பதுகளின் செட்டுக்கு முப்பதுகளின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டாரிடம் பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1980கள் வரை தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பித்த அந்தப் புத்தகம் செட்டோடு கிடைத்தால், அதன் வயதைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டாம்.

வால்வின் பெயரில் உயிர் காக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பெயர் ஆங்கில 'இ' (E) எழுத்தில் தொடங்கினால் அதன் இழை 6.3 வோல்ட்டில் எரிவது. அத்தகைய செட்டில் பெரும்பாலும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யூசிஎச் 81, யூசிஎல் 82, யூஒய் 85 என்று 'யூ'வில் (U) தொடங்கினால், இழைகள் வரிசையாகக் கோக்கப்பட்டு நேரடியாக மெயின்ஸில் ஓடும் ஏசி-டிசி செட்டு அது. இவ்வகையில் பலவற்றில் சேஸியே, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டே, மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் சேஸி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்தச் செட்டுகளைத் திறந்து வேலை செய்யக் கூடாது. புதியவர்கள் 'இ' செட்டோடு தொடங்குவதே நல்லது.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை, பழைய மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் அழிந்த பிறகு, ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் வசதி சென்னையில் போய்விட்டது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் சாமான்களை எடுப்பவர்கள், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பேட்டைகளின் காயலான் கடைகள், உறவினர் வீட்டுப் பரண்கள் ஆகியவற்றையே நான் நம்புகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பெரிய செட்டுகளைப் பார்க்கலாம். விலை கேட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும் கண்ணுக்குப் பயிற்சி. உதிரிப் பாகங்களுக்கு ரிச்சி தெருவை விட்டால் வேறிடம் இல்லை. வால்வு அங்கே அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைக்கும். ஆனால் 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்), ரெசிஸ்டர், ஈயக் கம்பி எல்லாம் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும்.

பொருளைவிட ஆளைத் தேடுவதுதான் கடினம், பலனும் அதில்தான் அதிகம். வால்வு காலத்தில் தொழில் கற்ற மெக்கானிக்குகள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். பேட்டைக்கு ஒருவராவது, டிவி பழுது பார்க்கும் மகனின் கடையில் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். செட்டைத் தூக்கிக்கொண்டு போய், "எவ்வளவு ஆகும் ஐயா?" என்று கேட்காதீர்கள். "பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் ஒரு மணி நேரத்தில் சொல்வதை நாம் தனியே கற்க ஓராண்டு ஆகும். அடுத்ததாக ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. அவர்களில் வால்வு டிரான்ஸ்மிட்டரைக் கையால் கட்டிய தலைமுறையினரிடம் சிக்னல் ஜெனரேட்டர், வால்வு டெஸ்டர் போன்ற சோதனைக் கருவிகள் இருக்க வாய்ப்புண்டு. சிற்றலை கேட்போருக்கு ஆர்டிக் டிஎக்ஸ் கிளப் தமிழிலேயே செயல்படுகிறது. எந்த நிலையம் எப்போது எந்த அலையில் வருகிறது என்ற விவரத்துக்கு அவர்களை நாடலாம்.

கடல் கடந்த அமைப்புகளில், 1952-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்டிக் வயர்லெஸ் அசோசியேஷனும், 1976-இல் தொடங்கிய பிரிட்டிஷ் வின்டேஜ் வயர்லெஸ் சொசைட்டியும் குறிப்பிடத்தக்கவை. நம் செட்டுகளில் பல பிரிட்டிஷ், டச்சு வடிவமைப்புகளின் வழி வந்தவை என்பதால் எனக்குப் பிந்தையதே அதிகம் பயன்பட்டது. ரேடியோமியூசியம் என்ற இணையத் தொகுப்பில் மாடல் எண்ணைக் கொண்டு சர்க்கியூட் வரைபடம் தேடலாம். இந்தியாவில் தயாரான மாடல் அதில் இல்லாவிட்டால், அதே வால்வு வரிசை கொண்ட ஐரோப்பிய மாடலைத் தேடுங்கள், பெரும்பாலும் ஒத்துப்போகும். செட்டு எந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது என்று அறிய, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவது என் வழக்கம். அங்கே போனால் தேடிய ரேடியோவை மறந்து சோப்பு விளம்பரங்களில் மூழ்கிவிடும் அபாயமும் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். முதல் சந்தேகம் வால்வின் மேல் விழ வேண்டாம். பத்தில் எட்டுச் செட்டில் குற்றவாளி கண்டென்சர்தான் என்பது என் அனுபவம். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் நம் ஊர்க் கடல் காற்றின் ஈரத்தைக் குடித்து, தடுக்க வேண்டிய டிசி மின்சாரத்தைக் கசிய விடுகின்றன. அவற்றில் மிக ஆபத்தானது, ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிடுக்கு, அதாவது மின்சார ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, போகும் சிறிய கண்டென்சர், பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். அது கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, தானும் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். அதனால் மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஒன்றை மாற்றிவிடுங்கள். என் மேசையில் அப்படி வெட்டி எடுத்த ஒரு கண்டென்சர் இருக்கிறது. சுண்டு விரல் பருமன், பழுப்பு மெழுகில் ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்வைக்கு ஒரு பழுதும் தெரியாது. பழைய தோற்றம் கெடக் கூடாது என்று நினைப்பவர்கள், காகிதக் கூட்டைச் சூடாக்கி உள்ளிருப்பதை உருவிவிட்டு, புதிய கண்டென்சரை உள்ளே வைத்து மெழுகால் அடைக்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. எனக்கு அது வரவில்லை.

டிசி மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரை மாற்றும்போது, பெரிதாகப் போட்டால் உறுமல் குறையும் என்று 220 மைக்ரோஃபாரட் போடுபவர்கள் உண்டு. ஏசியை டிசியாக மாற்றும் இஇசட் 80 ரெக்டிஃபையர் வால்வு தாங்கும் உச்ச அளவு 50 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் போனால் வால்வு போய்விடும். பழைய அளவையே போடுங்கள். கையை உள்ளே விடும் முன், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இந்தக் கண்டென்சர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் பிறகே பிளக். அப்போதும் நேராக வேண்டாம். 60 வாட் குண்டு பல்பை வரிசையில் கோத்த டெஸ்ட் லாம்ப் வழியாகக் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பளிச்சென எரிந்து பிறகு மங்கினால் செட்டு பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே நிறுத்த வேண்டும். வால்வு வாங்கியே தீர வேண்டும் என்றால், இஎல் 84, இசிசி 83 ஆகியவை கிதார் ஆம்ப்ளிஃபையர்களின் புண்ணியத்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. மற்றவற்றுக்குக் கூடு உடைந்த செட்டு ஒன்றை வாங்கிப் பிரிப்பதே வழி. மேஜிக் ஐ, அதாவது நிலையம் சரியாகப் பிடிபட்டதைப் பச்சை ஒளியால் காட்டும் வால்வு, மங்கலாக எரிந்தாலும் எறிந்துவிட வேண்டாம்.

மரக் கூட்டில் கரையான் அரித்த இடத்தைத் தட்டினால் பொத்தலான சத்தம் கேட்கும். பெயின்ட் அடிக்காதீர்கள், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பந்தால் பல நாள் தேய்க்கும் பழைய பாலிஷே அதற்கு அழகு. மழைக்காலத்தில் அதைத் தொடங்கினால் பூச்சு வெளுத்துவிடும். டயல் நூல் அறுந்திருந்தால், அது சக்கரங்களில் ஓடிய வழியை முதலில் படம் எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள்.

ஓடத் தொடங்கிய செட்டுக்கு மொட்டை மாடியில் முப்பது அடிக் கம்பியாவது ஏரியலாக வேண்டும். அடுக்குமாடியில் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சலைப் பார்த்துச் செட்டுதான் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, சிறிய பேட்டரி டிரான்சிஸ்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய டயல்களில் கிலோஹெர்ட்ஸுக்குப் பதிலாக மீட்டர் கணக்கே இருக்கும். சென்னை முதல் அலைவரிசையின் 720 கிலோஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய 417 மீட்டர். அந்த இடத்தில் முள் நிற்கும்போது சென்னை கேட்டால் டயல் சரி. சற்றுத் தள்ளிக் கேட்டால், உள்ளே அலைவரிசையை ஒத்திசைக்கும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மரின் திருகைத் தொடாமல், நூலில் முள்ளை மட்டும் நகர்த்தி வையுங்கள்.