கூத்தின் ஒரு நொடியைப் படமாக்க

கோவலன் கூத்தை வரையச் சொன்னால், என்னிடம் சித்திரம் படிக்கும் பிள்ளைகளில் அனேகமானோர் கண்ணகி சிலம்பை உடைக்கும் இடத்தைத்தான் எடுப்பார்கள். பரல்கள் நாலாபக்கமும் தெறிக்கும், பாண்டியன் வாயைப் பிளந்துகொண்டு இருப்பான். அந்த இடம் வேண்டாம் என்பேன். உடைந்த பிறகு, பார்ப்பவருக்கு நினைக்க ஒன்றும் மிஞ்சாது.

அப்போதுதான் ஒரு பிரெஞ்சுப் படத்தைக் காட்டுவேன். 1835இல் லெபோல் என்ற ஓவியர் வரைந்தது. மெயர்பீர் இசையமைத்த 'ரொபேர் லெ டியாபிள்' என்ற ஒப்பெரா (பாடியே நடிக்கும் மேடை நாடகம்) 1831 நவம்பரில் பரிஸில் மேடையேறியது. அதன் ஐந்தாம் அங்கத்தில் மூன்று பேர் சேர்ந்து பாடும் கட்டம்தான் படம். பேர்ட்ராம், ரொபேரின் தகப்பன், ஆனால் நரகத்தின் ஆள். நடுச்சாமம் அடிக்கமுன், நரகத்துக்குத் தன்னை எழுதிக்கொடுக்கும் கையெழுத்தை மகனிடம் வாங்கியாக வேண்டும். ரொபேரின் பால்சகோதரி அலிஸோ, இறந்த தாய் எழுதிவைத்த கடைசி வார்த்தைகளோடு வந்து நிற்கிறாள். மணி அடித்ததும் பேர்ட்ராமைப் பாதாளம் விழுங்கும். லெபோல் அதை வரையவில்லை. இன்னும் ஒன்றும் முடிவாகாத நேரத்தை எடுத்துக்கொண்டார். அதனால்தான் கதை தெரியாத என் மாணவி ஒருத்திகூட, "சேர், இவர் எந்தப் பக்கம் போவார்?" என்று கேட்டாள்.

நீங்களும் அப்படி ஒரு நொடியைத் தேடுங்கள். கோவலன் கூத்தில் என் தெரிவு, மதுரையில் விற்பதற்காகக் கண்ணகி சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் இடம். சிலம்பு அவள் கையிலும் இருக்கவேண்டும், அவன் கையிலும் இருக்கவேண்டும். அவள் இன்னும் விடவில்லை, அவன் இன்னும் வாங்கவில்லை. காத்தவராயன் கூத்து என்றால், கழுமரத்தில் முதல் காலை வைக்கமுன் அவன் திரும்பித் தாயைப் பார்க்கும் பார்வை.

நொடி கிடைத்த பிறகு, ஆடும் இரவிலேயே கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒத்திகைக்குப் போங்கள். உடுப்பும் தலையில் வைக்கும் முடியும் இல்லாமல் ஆடும்போதுதான் உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று வடிவாகத் தெரியும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் அடி மாறும் இடத்தில் ஆட்டக்காரர் ஒரு கணம் தரிப்பார். அந்தத் தரிப்பை ஐந்தாறு கோட்டில் பிடியுங்கள், முகம் வேண்டாம். ஒரே நிலையைப் பத்துத் தரமாவது வரைந்து பார்த்தால்தான் கைக்கு வரும்.

முகத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கண்ணகியை அச்சுப்பட அம்மன் மாதிரி வரையாதீர்கள், கண்ணகியாக ஆடுகிறவரை வரையுங்கள். லெபோலின் படத்தில் நிற்பது லெவசேர், நூறி, பல்கொன் என்ற மூன்று பாடகர்கள். அலிஸாக நிற்கும் கொர்னேலி பல்கொன் 1832இல்தான் மேடைக்கு வந்தார். 1837இல் மேடையிலேயே குரல் போய்விட்டது. அவர் பாடியதை இனி யாரும் கேட்க ஏலாது. நின்ற நிலை இருக்கிறது.

முல்லைத்தீவில் எங்கள் முள்ளியவளைப் பக்கத்தில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் கண்ணகியாக ஆடினார். வயல்வேலை செய்து தடித்த மணிக்கட்டு, அதில் கண்ணாடிக் காப்பு. ஒரு சீ.ஆர். கொப்பி நிறைய அவரை வரைந்து வைத்திருந்தேன். 2009இல் இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பி வழியில் போய்விட்டது. இப்போது நினைவில் வைத்து வரைந்தால் மணிக்கட்டு அப்படியே வருகிறது, மூக்கு வருகுதில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். பகல் வெளிச்சத்தில் கூத்தை வரைந்தால் அது உடுப்புக் கண்காட்சி மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்துப் பரிஸ் மேடையில் காஸ் விளக்கு, விளிம்பிலிருந்தும் மேல்நோக்கி அடிக்கும். எங்கள் கூத்து ஆடும் களரியில் முன்பு பெற்றோமக்ஸ், இப்போது மின்குமிழ். எதுவானாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலே முடிவெடுத்து, தாளின் மூலையில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பிறிஸ்டல் போர்ட் என்ற தடித்த தாளில் கடும் தேயிலைச் சாயத்தைப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைத் தாளில் இரவு வராது. கரித்துண்டால் உருவங்களை வைத்து, போஸ்டர் கலரில் நீலமும் மண்ணிறமும் கலந்து இருட்டை முதலில் நிரப்புங்கள். கறுப்பை அப்படியே பூசினால் படம் செத்துவிடும். பிறகு தோல், உடுப்பு, முடி என்று மெதுவாக வெளிச்சத்துக்கு வாருங்கள். கீழ்விளிம்பில் சனத்தின் தலைகளை இருட்டாக வைத்தால் களரி தானாக எழும்பும். இதே ஒப்பெராவில் வரும் கன்னியாஸ்திரிகளின் நடனத்தை பிரெஞ்சு ஓவியர் டெகா 1871இல் வரைந்தபோது அப்படித்தான் செய்தார். முன்னால் பார்வையாளர் இருட்டில், மேடை மேலே வெளிச்சத்தில். பாயில் நித்திரையான ஒரு பிள்ளையையும் சேருங்கள், எங்கள் சனத்தில் அது இல்லாமல் கூத்து இல்லை.

சிலம்புக்கு வெள்ளைப் பொட்டு கடைசியில், ஒன்றே ஒன்று. காய்ந்ததும் தாளைத் திருப்பி, ஆடியவரின் பெயர், அண்ணாவியாரின் பெயர், எந்தக் கோயில் முற்றம், எந்த இரவு என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும்.