வீட்டில் குழந்தை பார்ப்பவர்கள் ஒன்றுசேரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் வீட்டிலேயே நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? காப்பகமாக இருந்தால் பக்கத்து அறை ஆசிரியை அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். வீட்டில் இவரை விட்டால் ஆளில்லை. படுத்துவிட்டால் நான்கு குடும்பங்களில் யாராவது லீவு போட வேண்டும், இவருக்கும் அன்றைய வருமானம் போகும். அதனால் உடம்பு கொதிக்கக் கொதிக்கக் கதவைத் திறக்கிறார்.

ஒரே பகுதியில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு குழு வேண்டும் என்று நான் சொல்வது முதலில் இதற்காகத்தான். ஆனால் பெரும்பாலான குழுக்கள் தொடங்குவது பயிற்சி வகுப்பில். தொடங்குபவரிடம் கொடுப்பதற்கு அது இருக்கிறது, அதனால் அதைக் கொடுக்கிறார். வந்தவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்த மாதம் வருவதில்லை. அப்புறம் "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று பேச்சு வரும். ஆர்வம் இல்லாமல் இல்லை. எது கிடைத்தால் நாள் கொஞ்சம் இலகுவாகும் என்று முதலில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

கூட்டம் வைக்கும் நேரத்திலும் இதே தவறு நடக்கிறது. பகலில் வைத்தால் பிள்ளைகளை யாரிடம் விட்டு வருவது? மாலையில் வைத்தால், கடைசிப் பிள்ளையின் பெற்றோர் வந்து போன பிறகுதான் இவருக்குத் தன் வீட்டு வேலையே தொடங்குகிறது. பிரான்சில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்காக 1989 முதல் அங்கே உள்ளூர் ஆதரவு மையங்கள் இயங்குகின்றன. 2021இல் பெயர் மாறியது, வேலை தொடர்கிறது. காலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டே அங்கே போகலாம். பிள்ளைகள் ஒன்றாக விளையாடுவார்கள், பெரியவர்கள் அங்கேயே பேசிக்கொள்வார்கள். விசாலமான, பத்திரமான ஓர் அறை கிடைத்தால் எந்த ஊர்க் குழுவும் இதைச் செய்யலாம்.

சரி, மாற்று ஆளுக்கு வருவோம். குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். "ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்வோம்" என்று வாய்வார்த்தையாகப் பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அவசரம் வரும் நாளில் அது உதவாது. முதல் சிக்கல் எண்ணிக்கை. ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. உதாரணமாக, இங்கிலாந்தில் தனியாகப் பார்ப்பவர் ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்ட 6 பேரை வைத்துக்கொள்ளலாம். அதில் இன்னும் பள்ளி வயதை எட்டாத சின்னப் பிள்ளைகள் பொதுவாக 3 பேருக்கு மேல் கூடாது. ஏற்கெனவே இடம் நிரம்பிய தோழியிடம் இன்னும் மூன்று பிள்ளைகளை அனுப்பினால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம். யாரிடம் எந்தக் கிழமை எத்தனை இடம் காலி என்ற பட்டியல் குழுவிடம் இருக்க வேண்டும். மாற்று ஆளாக வருவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, பிள்ளைக்கு அந்த முகம் தெரிந்திருக்க வேண்டும். பத்து மாதக் குழந்தையை முன்பின் பார்க்காதவர் கையில் திடீரென்று கொடுத்தால் நாள் முழுக்க அழும். மாற்று ஆள் மாதம் ஓரிரு முறை சும்மா வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டுப் போனாலே போதும். பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம், ஒவ்வாமை, மருந்து, யார் வந்து அழைத்துப் போகலாம் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

அந்தத் தாளில் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தே பழகிய குழந்தையைப் புதிதாக ஒருவர் குப்புறப் படுக்க வைத்தால், தூக்கத்தில் திடீர் மரணம் நேரும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. மாற்று ஆள் வரும் நாளில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சோதனை செய்ய வரும் அதிகாரியையே ஆதரவாளராகவும் குழுவுக்குள் வைப்பது இன்னொரு தவறு. அவர் இருக்கும் இடத்தில் "நேற்று ஒரு பிள்ளை சோபாவிலிருந்து விழுந்துவிட்டது, இனி என்ன செய்யலாம்" என்று யார் வாய் திறப்பார்கள்? இரண்டு வேலைகளையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கட்டும். அதே சமயம், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் அது குழுவுக்குள் அடங்கும் ரகசியமல்ல, உரியவர்களிடம் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவசரச் செய்திக்கு அது நல்லது. பிள்ளைகளின் படம், பெயர், பெற்றோரின் குடும்பச் சண்டை எதுவும் அதில் வரக் கூடாது.

பணத்தைப் பேசக் கூச்சப்படுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. "அம்மா மாதிரி பார்த்துக்கொள்கிறார்" என்ற பாராட்டிலேயே கூலி கரைந்துவிடுகிறது. கொலம்பியாவில் 1980களில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்த பெண்களுக்குச் 'சமூகத் தாய்மார்கள்' என்றே பெயர். முறையான வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்சச் சம்பளமும் அவர்களுக்குக் கிடைத்தது 2014இல்தான், அதுவும் நெடுங்காலம் சேர்ந்து குரல் கொடுத்த பிறகு. உங்கள் குழுவில் ஒப்பந்த மாதிரிகளைப் பகிருங்கள், தாமதமாக அழைத்துப் போனால் எவ்வளவு கூடுதல் கட்டணம் என்பதை எப்படி எழுதுவது என்று பேசுங்கள். ஒன்றில் மட்டும் கவனம். சுயதொழில் செய்பவர்கள் சேர்ந்து ஒரே கட்டணத்தை நிர்ணயிப்பது சில நாடுகளில் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. அதைச் செய்வதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

குழுவை நடத்துபவருக்கும் இதே நியாயம் உண்டு. பட்டியல் வைப்பது, போன் எடுப்பது, அறை ஏற்பாடு செய்வது எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார். ஆரம்பத்திலேயே வேலையை இரண்டு மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு நிதி ஏதும் வந்தால், முதல் செலவாக அவர்களுடைய நேரத்துக்கான தொகையை ஒதுக்குங்கள்.