பாலை நிறுத்திய அன்றே குட்டியை வெளியே விடாதீர்கள்

தாய் செத்துப்போன குட்டி, மூன்று போட்ட ஆட்டின் கடைசிக் குட்டி, மடி வீங்கிப் பால் வற்றிய ஆட்டின் குட்டி என்று ஒவ்வொரு ஈற்றிலும் சில குட்டிகள் நம் கைக்கு வந்துவிடுகின்றன. புட்டியும் ரப்பர் நிப்பிளும் வைத்து அவற்றைக் காப்பாற்றிவிடலாம். முதல் மூன்று வாரத்தை நல்லபடியாகத் தாண்டியவர்கள்கூட, குட்டியை வெளியே விடும் கட்டத்தில்தான் சறுக்குகிறார்கள். சமீபத்தில் புதிதாகச் செம்மறி வளர்க்கும் மூன்று பேர் அடுத்தடுத்து என்னிடம் வந்து சொன்ன கதை ஒன்றேதான். "நல்லாத்தான் குடிச்சுட்டு இருந்துச்சு, வெளியே விட்டு நாலு நாள்ல போயிடுச்சு." அந்த நாலு நாள் கணக்கு எனக்கும் தெரியும். நானும் அதே மாதிரி குட்டிகளைப் பறிகொடுத்தவன்.

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி, தொப்புளில் அயோடின், புட்டியை வெந்நீரில் கழுவுவது இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மடியில் படுக்கவைத்துப் பால் கொடுப்பது

கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கொடுக்கத் தோன்றும். வேண்டாம். குட்டி நான்கு காலில் நின்று, கழுத்தை முன்னால் நீட்டி, தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சப்பும்போதுதான் உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு சுருண்டு குழாய் மாதிரி மூடிக்கொள்கிறது. ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள்; பால் புல்லைப் புளிக்கவைக்கும் பெருவயிற்றில் விழாமல் நேராகப் பாலைச் செரிக்கும் நான்காம் வயிற்றுக்குப் போவது அதனால்தான். மல்லாந்து குடிக்கும் குட்டிக்குப் பால் மூச்சுக்குழலில் இறங்கலாம், அல்லது பெருவயிற்றில் தேங்கிப் புளிக்கலாம். முதலாவது நுரையீரலில் சளியாக முடியும், இரண்டாவது வயிறு ஊதிப்போவதில் முடியும்.

தலையைத் தூக்க முடியாமல் துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் புட்டியைத் திணிக்காதீர்கள். முதலில் ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 37-க்குக் கீழே போயிருந்தால் அந்த உடம்பால் பாலைச் செரிக்க முடியாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பிறந்து சில மணி நேரம் தாண்டிய குட்டிக்குச் சூடு காட்டுவதற்கு முன்பே குளுக்கோஸ் தேவைப்படலாம். அதை எப்படி ஏற்றுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலையும் கூரையையும் ஒரே நாளில் பிடுங்குவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு அது ஆடு வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம். ஏழு புட்டிக்குட்டிகள். எல்லாம் ஆறு வாரத்தைத் தொட்டிருந்தன. வயிறு உருண்டையாக இருந்தது, துள்ளிக்கொண்டு வந்து முழங்காலை முட்டின. ஆறு வாரம் ஆனால் பாலை நிறுத்தலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு வானமும் தெளிவாக இருந்தது. காலையில் பாலை நிறுத்தினேன். பத்து மணிக்குத் தடுப்பூசி போட்டேன், ஆட்டைப் பிடித்ததோடு பிடித்ததாகக் குடற்புழு மருந்தும் ஊற்றினேன். அப்புறம் கொட்டிலைத் திறந்து வேலி போட்ட புல்வெளியில் கொண்டுபோய் விட்டேன். ஒரே நாளில் எல்லா வேலையும் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது.

குட்டிகள் மேயவில்லை. வேலிக் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று கத்தின. மறுநாளும் கத்தின. பசி வந்தால் மேய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி மழை, கூடவே காற்று. விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரு குட்டி கதவு மூலையில் செத்துக் கிடந்தது. இன்னொன்று முதுகை வில்லாக வளைத்து, நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு நின்றது. அதன் வாய்க்குள் விரலை விட்டேன். நல்ல குட்டியின் வாய் விரலுக்குச் சுடச்சுட இருக்கும், நாக்கு உடனே விரலைச் சுற்றிச் சப்பும். இதன் வாய் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. நாக்கு அசையவே இல்லை. மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது. மிச்சமிருந்த ஐந்தில் ஒன்று பிழைத்தும் வளரவில்லை. அதோடு பிறந்தவற்றின் பாதி எடைதான் கடைசிவரை இருந்தது.

மழையின் மேல் பழி போட்டு அந்த வருடத்தைக் கடந்துவிட்டேன். அது மழையின் தப்பு இல்லை. அதே மழையில், அதே நிலத்தில், தாயோடு திரிந்த குட்டிகளில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நடந்தது இதுதான். பிறக்கும்போது குட்டிக்கு நான்காம் வயிறுதான் பெரிது, பெருவயிறு சின்னப் பை. தீவனமும் வைக்கோலும் உள்ளே போய், அங்கே புளித்து, அந்தப் புளிப்பில் வரும் அமிலங்கள்தான் பெருவயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. பால் அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் எவ்வளவு பால் குடித்துக் கொழுத்திருந்தாலும், தீவனம் தின்னாத குட்டிக்குப் புல்லைச் செரிக்கும் வயிறு இருக்காது. என் குட்டிகள் உருண்டையாக இருந்தது பாலில் வந்த உருண்டை. தீவனத் தொட்டியில் எவ்வளவு குறைந்தது என்று நான் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

அடுத்து, தாயோடு இருக்கும் குட்டி தாயின் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து எதைக் கடிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. காற்றடித்தால் தாய் எந்தப் புதருக்குப் பின்னால் போகிறதோ, அதன் வயிற்றோரம் ஒட்டிக்கொண்டு தானும் போகிறது. புட்டிக்குட்டிக்குத் தாய் நாம்தான். பசித்தால் அது புல்லைத் தேடாது, நம்மைத் தேடும். நாம் மறைந்து போன கதவையே பார்த்து நிற்கும். நனைந்தாலும் அங்கேயே நிற்கும். விளக்குச் சூட்டிலேயே வளர்ந்த உடம்பு வேறு. ராத்திரிக் குளிரைத் தாங்கிப் பழக்கம் கிடையாது. இத்தனையும் போதாதென்று ஊசியும் மருந்தும்.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம், இதை "நாற்பது நாள் ஆயிடுச்சு, இனி அது பார்த்துக்கும்" என்று சாதாரணமாகச் சொல்வது. நாளை எண்ணாதீர்கள். இரண்டு விஷயத்தைப் பாருங்கள். குட்டி பிறந்த எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குக் கால் கிலோ குட்டித்தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தின்றிருக்க வேண்டும். கூட்டமாக வைத்திருந்தால் தொட்டியில் குறைந்ததைத் தலைக்கு வகுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எது தின்கிறது, எது தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். பால் வேளை வந்தால் முதலில் ஓடிவரும் குட்டிதான் பல நேரம் தீவனத்தைத் தொடாத குட்டி. ஐந்து வாரத்துக்கு முன்னால் பாலை நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

இப்போது நான் செய்வது இப்படி. இரண்டாம் வாரத்திலிருந்தே கொட்டிலில் நல்ல வைக்கோலும், கைப்பிடி அளவு புதுத் தீவனமும், சுத்தமான தண்ணீரும் இருக்கும். மிஞ்சிப்போன தீவனத்தைத் தினமும் எடுத்துப் பெரிய ஆடுகளுக்குப் போட்டுவிடுவேன். குட்டி மோந்து பார்த்துப் பிடிக்காத தீவனத்தை அப்புறம் தொடாது. மூன்று வாரம் ஆனதும் பகலில் விளக்கை அணைத்துவிடுவேன், சில நாள் கழித்து ராத்திரியும். காய்ந்த நாளாகப் பார்த்துக் கொட்டிலை ஒட்டிய சின்ன இடத்தில் இரண்டு மணி நேரம் வெளியே விடுவேன். அப்போதும் பால் உண்டு, சாயங்காலம் கொட்டில் உண்டு. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவேன். பாலை நிறுத்துவது அந்தப் பழகிய இடத்தில், பழகிய தொட்டியோடு. நிறுத்தி ஒரு வாரம் அவை தின்று, அசைபோட்டு, எடை இறங்காமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தூரத்துப் புல்வெளி. அங்கேயும் அதே தீவனத் தொட்டி, அதே வாளி கூடவே போகும். ராத்திரிக்கு மூன்று பக்கம் அடைத்த ஒரு கூரை இருக்கும். உச்சி வெயிலுக்கும் அது உதவும். முதல் மாதம் தீவனத்தை நிறுத்த மாட்டேன்.

ஊசியோ மருந்தோ வாலறுப்போ காயடிப்போ, எதுவும் பால் நிறுத்தும் வாரத்திலும் இடம் மாற்றும் வாரத்திலும் கிடையாது. ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

பாலை நிறுத்தும்போது பலர் தினம் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டிப் பாலை நீர்த்துப்போகச் செய்கிறார்கள். அதில் வயிறு தண்ணீரால் நிரம்பும், பால் குடித்த திருப்தியும் வந்துவிடும், தீவனத்துக்கு மட்டும் இடம் இருக்காது. பாலின் கெட்டித்தன்மையைத் தொடாமல் வேளைகளைக் குறையுங்கள்.

தளதளவென்ற புல்லில் வெறும் வயிற்றோடு விடுவது

காய்ந்த தீவனத்தில் வளர்ந்த குட்டி திடீரெனக் கொழுத்த பச்சைப் புல்லைக் கண்டால் குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். துள்ளுமாரி என்று சொல்கிறோமே, அதுதான். பெரும்பாலும் கூட்டத்திலேயே நன்றாக வளர்ந்த குட்டியைத்தான் கொண்டுபோகும், அறிகுறி காட்டக்கூட நேரம் கொடுக்காது. தடுப்பூசி இரண்டு தவணை. முதல் ஊசி போட்டதும் காப்பு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது இரண்டாவதற்குப் பிறகுதான் வரும். சீம்பால் சரியாகக் கிடைக்காத குட்டிக்கு எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். வெளியே விடும் நாளில் முதலில் வயிறாற வைக்கோல், அப்புறம்தான் புல்.

பெரிய ஆடுகள் ஒட்ட மேய்ந்த நிலம்

குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடி ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பெரிய ஆடுகள் மேய்ந்து மொட்டையடித்த நிலத்தில் குட்டியை விட்டால் ஒவ்வொரு கடியிலும் புழுவைத்தான் தின்னும். பெரிய ஆட்டுக்கு இருக்கும் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடையாது. சில மாதம் ஆடே போகாத நிலம் இருந்தால் அதைப் புட்டிக்குட்டிகளுக்கு ஒதுக்குங்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிக்கொண்டு வந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ ரத்தம் குடிக்கும் புழு வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒற்றைக் குட்டியை விடுவது

கூடாது. குறைந்தது இரண்டு.

மாட்டுக்கான தாதுக்கலவை

அதில் செம்பு இருக்கும். செம்மறிக்குச் செம்பு கல்லீரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒரு நாள் திடீரெனக் கொல்லும். செம்மறிக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் கொடுங்கள்.

தண்ணீர் இருக்கிறது, அதுவே குடிக்கும் என்று நினைப்பது

நிப்பிளில் மட்டும் குடித்த குட்டிக்குத் தொட்டியின் அர்த்தம் தெரியாது. கொட்டிலில் வைத்திருந்த வாளியையே கொண்டுபோய் வையுங்கள், முகவாயைப் பிடித்து உதட்டை நனைத்துக் காட்டுங்கள். ஆழமான தொட்டிக்குள் கல்லைப் போட்டு மேடாக்குங்கள். உள்ளே விழுந்த குட்டியால் ஏற முடியாது.

கிடாக்குட்டியின் நெற்றியைத் தள்ளி விளையாடுவது

நெற்றியில் கையை வைத்துத் தள்ளினால் அது திரும்பி முட்டும். பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு இது. செம்மறிக் கிடாவுக்கு அது விளையாட்டு இல்லை, சண்டைப் பயிற்சி. மந்தையில் வளர்ந்த கிடா மனிதனைக் கண்டால் ஒதுங்கும். புட்டியில் வளர்ந்த கிடாவுக்கு நம் மேல் பயமே இருக்காது, நம்மையும் ஓர் ஆடாகத்தான் பார்க்கும். ஒரு வயதில் அது பின்னாலிருந்து ஓடிவந்து முட்டினால் முழங்கால் எலும்பு உடையும். தாடைக்குக் கீழே சொறிந்துவிடுங்கள், நெற்றியைத் தொடாதீர்கள். இனப்பெருக்கத்துக்கு வேண்டாத கிடாக்குட்டியைச் சின்னதிலேயே காயடித்துவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

முதல் மூன்று இரவுகள்

விட்டுவிட்டு வந்து படுத்துவிடாதீர்கள். இருட்டுவதற்கு முன் ஒரு தடவை, விடியும்போது ஒரு தடவை போய் ஒவ்வொரு குட்டியாகத் தொட்டுப் பாருங்கள். வாய்க்குள் விரலை விடுங்கள், சூடாக இருக்க வேண்டும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். பெருவயிறு அங்கேதான். தின்ற குட்டிக்கு அது பிசைந்த மாவு மாதிரி நிறைந்திருக்கும், தின்னாததற்குக் கை உள்ளே குழியும். குழிந்தால் அன்றைக்கே திரும்பக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து பாலைத் தொடங்குங்கள், ஒரு வாரம் போகட்டும்.

போன ஈற்றில் நான் விட்ட நான்கு குட்டிகளில் மூன்று, மூன்றாம் நாள் விடியற்காலையில் கதவுக்கு ஓடிவரவில்லை. பதறிப்போய் டார்ச்சை அடித்தேன். கூரைக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான்காவது மட்டும் கதவில் நின்று கத்தியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னும் ஒன்பது நாள் பால் கொடுத்தேன்.