கொட்டைக்கரந்தை: பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

நெல் அறுத்த வயலில் ஈரம் முழுக்கக் காயுமுன் கத்தரிப்பூ நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான் கொட்டைக்கரந்தை. சூரியகாந்திக் குடும்பம், நம் மண்ணின் செடி, ஒரு பருவத்தோடு சரி.

பெயரில் 'கொட்டை' இருப்பதால் அந்த உருண்டையைக் காய் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒற்றைப் பூவும் அல்ல அது. சூரியகாந்தியின் ஒரு தலைக்குள் எத்தனையோ பூ இருக்கும் அல்லவா? அப்படிப்பட்ட தலைகளே பொடிப்பொடியாகப் பல சேர்ந்து ஒரு பந்தாகி நிற்கின்றன.

போன மாதம்கூட ஒருவர் வாடாமல்லியைப் படமெடுத்து அனுப்பி, இதுதானே என்றார். பூவை மட்டும் எடுத்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். தண்டைப் பாருங்கள். கரந்தையில் இலையின் அடி தண்டோடு ஒட்டி, இருபுறமும் பல்பல்லான இறக்கையாகக் கீழிறங்கும். விரலால் தடவினாலே தெரியும். வாடாமல்லித் தண்டில் இறக்கை கிடையாது, இலைகளும் எதிரெதிரே இருக்கும். மருந்துக்குப் பறிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பூக்கும் முன்பே பறித்து நிழலில் உலர்த்தச் சொல்வது வழக்கம். அப்போது அடையாளம் காட்டப் பூவே இருக்காதே!

திருநீற்றுப்பச்சையையும் கரந்தை என்பார்கள். அது துளசிக் குடும்பம். புறநானூறு 'நாகுமுலை அன்ன நறும்பூங் கரந்தை' என்கிறது. இளம்பசுவின் மடிக்காம்பு போன்ற பூ. கதிராக நீளும் திருநீற்றுப்பச்சையைவிட இந்த உருண்டைக்கே அது பொருந்துகிறது என்பது என் எண்ணம். (தஞ்சாவூர்க் கரந்தைக்கும் செடிக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அது கருந்திட்டைக்குடி என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம்.)

களைக்கொல்லி அடித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்கவே கூடாது. வைத்தியரைக் கேட்காமல் பொடியை விழுங்குவதும் வேண்டாம்.

வீட்டில் வளர்ப்பவர்கள், கோடையில் செடி காய்ந்ததும் தண்ணீர் போதவில்லையோ என்று குடம் குடமாக ஊற்றுகிறார்கள். அதன் ஆயுள் அவ்வளவுதான். வேரோடு பிடுங்கி எறியாமல், பழுப்பேறிய உருண்டைகளை உள்ளங்கையில் கசக்கி எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்குச் சேறான இடத்தில் தூவலாம்.