கணினி மாதிரிகளை இணைக்கும் முன் ஆதிப்புள்ளியை இணையுங்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில், காங்கிரீட் காய்ந்த பீமைத் துளைத்துக் குழாய் கொண்டுபோன அன்றுதான் பிம் முறைக்கு (கட்டடத்தை முதலில் கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைந்து பார்ப்பது) மாறுவதென்று முடிவெடுத்தேன். இரும்பு வேலை வியாசர்பாடிப் பட்டறை, பிளம்பிங் ராயபுரம், ஏசி டக்ட் மாதவரம். மூவரிடமும் கணினி உண்டு, மூன்றிலும் வெவ்வேறு மென்பொருள். மென்பொருளை நிறுவும் விதத்தையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

படி 1: யாரையும் மென்பொருள் மாற்றச் சொல்லாதீர்கள். அவரவர் கருவியில் வரைந்து ஐஎஃப்சி கோப்பாக (மென்பொருள்களுக்கிடையே மாதிரியைப் பரிமாறும் பொது வடிவம்) தரட்டும். என் ஓட்டு ஐஎஃப்சி 2எக்ஸ்3 பதிப்புக்கு. பழையதுதான், ஆனால் அநேகமாக எதிலும் திறக்கும்.

படி 2: ஆதிப்புள்ளி, அதாவது எல்லா அளவுகளும் தொடங்கும் சுழி இடம். எனக்கு இரண்டு நாள் தின்றது இதுதான். மூன்று கோப்புகளையும் சேர்த்துத் திறந்தால் திரையின் ஒரு மூலையில் கட்டடம் ஒரு புள்ளி, எதிர்மூலையில் குழாய்கள் ஒரு புள்ளி. பட்டறைக்காரர், சர்வேயர் தந்த யூடிஎம் எண்களை (உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) அப்படியே போட்டிருந்தார். சென்னை 44-ஆம் மண்டலத்தில் வருகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு அளவு மட்டுமே 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். பிளம்பிங் காண்டிராக்டரோ ஏ-1 தூணையே (வரைபடத்தில் தூண் வரிசைகளைக் காட்டும் ஏ, 1 வரிகள் வெட்டும் இடம்) சுழியாக வைத்திருந்தார். இருவர் மேலும் தவறில்லை, சொல்லாமல் விட்டது நான். (ரெவிட் என்ற பிம் மென்பொருளில் உள் ஆதிப்புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்கு அப்பால் வரைந்தால் துல்லியம் கெடும். பெரிய எண்களை அப்படியே ஏற்றாதீர்கள்.)

இப்போது ஏ வரியும் 1 வரியும் வெட்டும் இடம், தரைத்தள முடிவு மட்டத்தில், எல்லோருக்கும் 0,0,0. அங்கே அரை மீட்டர்க் கனசதுரம் ஒன்றை ஒவ்வொருவரும் வைக்க வேண்டும். கோப்பு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒன்று மட்டும் மலைபோல் நின்றால், மில்லிமீட்டர் மீட்டராகிவிட்டது என்று பொருள்.

படி 3: மோதல் சோதனை, அதாவது ஒன்றுக்குள் ஒன்று புகுந்த பாகங்களைக் கணினியில் தேடுவது. பணம் இருந்தால் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருள். இல்லையென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இயங்கும் இலவச பொன்சாய். முதல் நாளே எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் வரும் பட்டியலைப் பார்த்தே பட்டறைக்காரர் ஓடிவிடுவார். பீமும் குழாயும் மட்டும் போதும்.

படி 4: குறையை பிசிஎஃப் கோப்பாக (மாதிரியில் குறை உள்ள இடத்தைச் சுட்டும் குறிப்பு) அனுப்புங்கள். எந்த பீம், எந்தக் கோணம் என்பது அதிலேயே இருக்கும். வாட்ஸ்ஆப் படம் அனுப்பினால் "எந்த மாடி சார்?" என்ற கேள்வியிலேயே மாலையாகிவிடும்.

பிற்சேர்க்கை: கனசதுரத்தை 90 பாகை திருப்பினாலும் கனசதுரம்தானே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மை, டக்ட்டின் கணினி மாதிரி ஒருமுறை அப்படித் திரும்பியே வந்தது. இப்போது ஒரு கை நீண்ட ‘ட’ வடிவக் கட்டையை வைக்கிறோம், நீண்ட கை ஏ வரியின் மேல்.